வேற மாத்திரை ஏதாவது

இல்லை என்று சொல்லியாகிவிட்டது. சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்த இல்லை நாச்சிமுத்துவின் காதுக்குள்ளேயே கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயசு மனுசனைத் தள்ளுகட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மணிக்கட்டு முடியையும், சொல்லவே கூசுகிற இன்னொரு இடத்து முடியையும் மழித்து, பச்சைத் துணியைக் கழுத்து வரைக்கும் போர்த்தி, கேத் லேபுக்கு வெளியே இருக்கிற குளிர்ந்த நடையில் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே இன்னொருத்தருடைய இதயத்துக்குள் கம்பி ஓடிக்கொண்டிருக்கிறதாம். "அந்தக் கேஸ் முடிஞ்சதும் நீங்கதான் தாத்தா, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஜெனிட்டா கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். தாத்தா. வினையே அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது. காலையில் வார்டில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், சர்க்கரை இருக்கா தாத்தா, ஆஸ்துமா இருக்கா தாத்தா, எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா தாத்தா, கடைசியாக, நேத்து முந்தாநேத்து வேற மாத்திரை ஏதாவது போட்டீங்களா தாத்தா. கட்டிலுக்கு இந்தப் பக்கம் மகன் கோகுல் நின்றான், அந்தப் பக்கம் மனைவி சுலோச்சனா நின்றாள். நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குப் போட்ட மாத்திரை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்ன மாத்திரை என்றால், பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவர் பூராவும் நோட்டீஸ் ஒட்டி லேகியம் விற்கிறார்களே, அதே சங்கதிக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற மாத்திரை. ஆண்மை என்கிற சொல்லை ஒரு தாத்தா, பேத்தி வயசுப் பெண்ணிடம், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வார்? "இல்லீங்க" என்றார். அவள் டிக் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள்.

அத்தோடு போயிருந்தால் அவரும் மறந்திருப்பார். பின்னாலேயே டாக்டர் தீபன் வந்தார். வலது கையை வாங்கி, மணிக்கட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, மூடித் திறக்கச் சொல்லி, வெளுத்த உள்ளங்கையில் ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினார். "மணிக்கட்டு வழியாப் போறமுங்க. தொடை வழியாப் போனா நாள் பூரா அசையாமக் கெடக்கணும். இதுல சாயங்காலமே எந்திரிச்சு நடக்கலாம். ஒண்ணே ஒண்ணு, இந்தக் கை ரத்தக்குழாய் கொஞ்சம் கோழை. உள்ள ஏதாவது போச்சுன்னா பயந்து சுருங்கிக்கும், அப்புறம் எங்க டியூப்பையே இறுக்கிப் புடிச்சுக்கும். அது சுருங்காம இருக்க முன்கூட்டியே அதுக்குள்ளயே மருந்து குடுத்துருவோம். நைட்ரோ கொஞ்சம், ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின். கை கொஞ்சம் எரியும், அவ்வளவுதானுங்க." கோகுல் நாலு கேள்வி கேட்டான், படித்த பிள்ளை. நாச்சிமுத்துவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை, நைட்ரோ என்ற சொல்லில் மனசு மாட்டிக்கொண்டது. எங்கேயோ கேட்ட சொல். எங்கே கேட்டோம் என்பது ஞாபகம் வந்தபோது டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டிருந்தார், இவர் கை இன்னும் அந்தரத்திலேயே நீட்டிக்கொண்டிருந்தது.

கேட்டது சத்தியமங்கலத்தில். நாலு மாசத்துக்கு முன்னால், ஒரு மாத்திரை அட்டை வாங்குவதற்காக ஈரோட்டிலிருந்து சத்தி வரைக்கும் பஸ் ஏறிப் போனார் மனுசன். உள்ளூரில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் தெரிந்த முகம். முப்பத்தொரு வருசம் அரசு பஸ்ஸில் முதலில் கண்டக்டர், அப்புறம் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று ஓடினவருக்கு முகம் தெரியாத ஊர் ஏது? சத்தியில் மட்டும் என்ன வாழ்ந்தது. கடைக்காரன் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இவரையே உற்றுப் பார்த்தான். "செக்கிங் ஐயாதானுங்க நீங்க? காலேஜ் படிக்கறப்ப டிக்கெட் எடுக்காம வந்தேன்னு பண்ணாரியில எறக்கி உட்டீங்களே." தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவன் நல்லவன், பழசை மனசில் வைத்துக்கொள்ளாமல் அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வெப்பாங்களே, அந்த நைட்ரேட் வகையறா, அதும் இதும் ஒட்டுக்காச் சேரவே கூடாது. ஒரு நாளாச்சும் எடைவெளி வேணும். இல்லீன்னா பிரஷர் தடதடன்னு எறங்கி ஆளைச் சாய்ச்சுப்போடும்." எனக்கெதுக்குப்பா நெஞ்சு வலி என்று சிரித்துவிட்டு வந்தார். அப்போது இல்லைதான். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி வந்தது.

ஒரு நாள் என்றால் இருபத்திநாலு மணி நேரம். நேற்று இரண்டு மணி. இப்போது சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். இரண்டிலிருந்து இரண்டு பன்னிரண்டு, இரண்டிலிருந்து பத்தேகால் எட்டேகால், ஆக இருபதேகால். மூணே முக்கால் மணி நேரம் குறைகிறது. ஈரோட்டில் ஏறினால் கிட்டத்தட்ட மதுரைக்குப் போய்ச் சேர்கிற நேரம். குறைந்தால்தான் என்ன, ஒரு நாள் என்று அவன் குத்துமதிப்பாகத்தானே சொன்னான். கடைக்காரன் பயமுறுத்தத்தான் பயமுறுத்துவான். அதுவும் நாக்குக்கடியில் வைக்கிறதுக்குத்தான் சொன்னான், கையில் ஏற்றுகிறதுக்குச் சொன்னானா? கையில் ஏற்றினது கையோடு நிற்குமா, உடம்பு பூரா போகுமா? போகாமல் எங்கே போகும், ரத்தம் என்றால் ஒரே ரத்தம்தானே. மறுபடியும் எண்ணினார். இரண்டிலிருந்து இரண்டு பன்னிரண்டு. எத்தனை தடவை எண்ணினாலும் மணி கூடுவேனா என்றது. ஏசி காற்று நேராக நெற்றியில் இறங்கியது, பாதம் இரண்டும் ஐஸாகிவிட்டது, கையை அக்குளுக்குள் செருகிச் சூடேற்றலாமென்றால் ஒரு கையில் ஊசிக் குழாய் குத்தியிருக்கிறது. எதிர்ச் சுவரில் எக்ஸ்ரே படாமலிருக்க ஈயம் வைத்த கனமான சட்டைகள் வரிசையாகத் தொங்கின. யாரோ இரண்டு பேர் கதவுக்குப் பின்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமா தக்காளி சாதமா என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை, ஏனுங்க கொஞ்சம் வாங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்துவிடுவார்கள். தொண்டையைக் கனைத்தார். கனைப்போடு சரி.

சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்ததே. காலையில் ஜெனிட்டாவே சொன்னாள், மருந்தில் எது மாறினாலும் வெளியே இருக்கிறவங்களிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவோம் என்று. வெளியே இருப்பவன் கோகுல். அப்பா இன்ன மாத்திரை போட்டிருக்கார், அதனால் மருந்தை மாற்றுகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்க. இரண்டு வருசத்துக்கு முன்னால், கோகுலின் அம்மா சரஸ்வதி புற்றுநோயில் போய் நாலு வருசம் கழிந்தபின், சுலோச்சனாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று இவர் சொன்ன அன்றைக்கு அதே கோகுல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" இவர் சொன்ன பதில், "பேச்சுத் துணைக்குத்தான் கண்ணு." மருமகளிடமும் அதையே சொன்னார். பவானிக் கோயிலில் பத்துப் பேர் முன்னால் தாலி கட்டும்போது வந்திருந்த சித்தப்பாவிடமும் அதையேதான் சொன்னார். பேச்சுத் துணை, பேச்சுத் துணை என்று சொல்லிச் சொல்லி அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சுலோச்சனா கருவூல அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள், புருஷன் இல்லாதவள். பென்ஷன்காரர் வருசா வருசம் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டித் தொலைக்க வேண்டுமே, அதற்குத் தாள் நகலெடுக்கப் போன இடத்தில்தான் பழக்கம். "உயிரோட இருக்கறீங்களா, சரி, நல்லா இருக்கறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். சரஸ்வதி போனபின் அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. கோகுல் அவளைக் குறை ஒன்றும் சொல்வதில்லை, சண்டை போடுவதில்லை, எதுவும் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. காபி வேண்டுமானால் அடுப்படிப் பக்கம் பார்த்து, காபி இருக்கா என்று காற்றிடம் கேட்பான். அந்த வீட்டில் இனி அந்த மாத்திரையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாளைக்குச் சுலோச்சனா தட்டு வைக்கும்போது மருமகள் ஒரு பார்வை பார்ப்பாள். இவருக்கென்ன, தாத்தாவுக்கு ஆசையைப் பாரு என்பதோடு போய்விடும். அவளை விடுவார்களா? இந்தப் பொம்பளைக்குத்தான் எல்லாம் கேட்குது என்பார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன், அவளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்படி என்ன பெரிய சுகத்தைக் கண்டுவிட்டார் நேற்று மத்தியானம்? கோகுல் குடும்பத்தோடு கோபியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தான். வீட்டில் இரண்டே பேர். மறுநாள் ஆஸ்பத்திரி. போய்த் திரும்பி வருவோமோ வரமாட்டோமோ என்ற பயம், அந்தப் பயத்தைத் தின்று செரிக்க வேறு வழி தெரியாமல் மாத்திரையைப் போட்டு விழுங்கினார், புத்தியுள்ளவன் செய்கிற காரியமா? அரைமணி கழித்துக் காது இரண்டும் சிவந்து, மூக்கு அடைத்து, தலை விண்விண்ணென்று தெறிக்கும்போது சுலோச்சனா துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, மூஞ்சி இப்பிடிச் செவந்து கெடக்குது?" சொன்னார். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் படுத்தாள். படுத்த பிறகு அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒருத்தரை அனுப்பிவெச்சுப் பழக்கமிருக்குதுங்க, ரெண்டாவது தடவை முடியாது." அவ்வளவுதான் நடந்தது. அவள் தலை இவர் வலது கை மேல் கிடந்தது, கை மரத்துப்போயிற்று, எடுக்க மனசு வரவில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்துக்கு இன்றைக்கு உயிரை விலையாகக் கேட்கிறது. இதைப் போய் யாரிடம் விளக்குவது, மாத்திரை போட்டேன் ஆனால் சும்மாதான் படுத்திருந்தேன் என்றா? சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது. வலித்ததும் பயம் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

கதவு திறந்தது. ஜெனிட்டா வந்து அவர் கையில் இருந்த ஊசிக் குழாயைச் சரிபார்த்தாள். இதுதான் சமயம். மகன் இல்லை, யாரும் இல்லை. "ஏம்மா" என்றார். "சொல்லுங்க தாத்தா" என்று குனிந்தாள். நெற்றியில் சின்னதாக வேர்வை, கழுத்தில் ஒரு சிலுவை, காதில் பிளாஸ்டிக் தோடு. கோகுலின் மகள் இன்னும் பத்து வருசம் போனால் இப்படித்தான் இருப்பாள். "ஒண்ணுக்கு வருதும்மா" என்றார். அவள் சலிக்காமல் டப்பாவைக் கொண்டுவந்து துணிக்கு அடியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வரவில்லை. வருகிற மாதிரி இருந்ததே ஒழிய வரவில்லை. "பயம் தாத்தா, எல்லாருக்கும் இப்படித்தான்" என்று எடுத்துக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை. அவளிடம் இரண்டாவது பொய்யும் சொல்லியாயிற்று.

பொய் சொல்கிறவர்களை அவருக்கு முப்பதடி தூரத்தில் தெரியும். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலைப் பார்க்கமாட்டான், நேராக இன்ஸ்பெக்டர் கண்ணைப் பார்ப்பான். காலையில் இவரும் அந்தப் பிள்ளையின் கண்ணை நேராகத்தான் பார்த்தார். ஒரு தடவை, பெருந்துறை தாண்டி, நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் டிக்கெட் இருக்குதுங்க என்றாள், ஆனால் எடுக்கவில்லை. எடும்மா என்றார். ரவிக்கைக்குள் மணிபர்ஸில் வைத்திருக்கிறாள், நிறைந்த பஸ், நாலு புறமும் ஆம்பிளைகள். இவருக்கு அது புரிந்தது, புரிந்தும் நீட்டின கையை மடக்காமல் நின்றார், சட்டம் பேசுகிற திமிர். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எடுத்துக் கொடுத்தாள், வேர்வையில் நனைந்த டிக்கெட், செல்லுபடியாகிற டிக்கெட். அதைப் பார்த்துவிட்டுச் சரி என்று இறங்கிவிட்டார், அத்தனை பேர் முன்னால் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகம் இப்போது எதற்கு வருகிறது? வரட்டும். அவமானம் என்பது செத்துப்போகிற காரியம் இல்லை, அவள் அன்றைக்குச் சாகவில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வேலைக்குத்தான் போனாள். ஆனால் இந்த மேஜையில் செத்துப்போனால்? அந்த நினைப்பு இதுவரைக்கும் ஓரமாக நின்றது, இப்போது நேராக வந்தது. செத்துப்போனால் ஏன் செத்தான் என்று கேட்பார்கள். ரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள், வீட்டில் தேடுவார்கள், அலமாரியில் துணிக்கடியில் அட்டை கிடக்கும், ஒரு மாத்திரை குறைந்திருக்கும். பதில் சொல்ல இவர் இருக்கமாட்டார். அத்தனையும் சுலோச்சனா தலையில் விழும். பெத்த பிள்ளையிடமிருந்து அப்பனைப் பிரித்து, இந்த வயசில் மாத்திரை கொடுத்துக் கொன்றவள் என்று காரியத்துக்கு வந்தவர்கள் காதுபடப் பேசுவார்கள். அவளுக்காகத்தான் மூடினேன் என்று சொன்ன வாய் அவளைத்தான் கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தப் போகிறது. தூ என்று இருந்தது அவருக்கு. எண்ணி எண்ணிப் பார்த்தது மணியை மட்டும்தானா, மானத்தையும்தான், அதுவும் தன் மானத்தை. சொல்லிவிட வேண்டும். யார் வந்தாலும் சரி, முதலில் வருகிற ஆளிடம்.

முதலில் வந்த ஆள் ஒரு தடித்த வாலிபன், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, வார்த்தை பேசாமல் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனான். விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் ஓடின. உள்ளே இன்னும் குளிர். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கி ஒடுக்கமான மேஜையில் கிடத்தினார்கள். வலது கையை ஒரு பலகையில் நீட்டி, மணிக்கட்டுக்கு அடியில் துணிச்சுருளை வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கப் பட்டை போட்டுக் கட்டினார்கள். ஐஸ் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றால் முழங்கை வரைக்கும் துடைத்தார்கள். முகமூடிகள், எல்லாம் கண்கள் மட்டும், யாரிடம் சொல்வது? டாக்டர் தீபனின் குரல் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு வந்தது. "மரத்துப்போக ஊசி போடறேனுங்க. எறும்பு கடிச்சாப்பல இருக்கும்." கடித்தது. "டாக்டருங்க" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "டாக்டருங்க, ஒரு நிமிசம் நிறுத்துங்க. காலைல அந்தப் பிள்ளை கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டனுங்க. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டேன். அந்த மாத்திரைங்க. ஆம்பளை மாத்திரை." சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியுமுங்க" என்றார் டாக்டர். "உங்க வீட்டம்மா அப்பவே சொல்லிட்டாங்க. நைட்ரோ இல்லாம வேற மருந்து கலக்கி வெச்சாச்சு. நீங்களும் சொன்னது நல்லதாப் போச்சு, ஆனா காலைலயே சொல்லியிருக்கணும்." நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். "எப்பங்க சொன்னா?" ஜெனிட்டாதான் பதில் சொன்னாள், முகமூடிக்குள்ளிருந்து. "உங்களை இங்க தள்ளிட்டு வந்ததுமே என்கிட்ட வந்தாங்க தாத்தா. தனியா வாம்மான்னாங்க. நான்தான் வேலை அவசரத்துல, பரவால்ல இங்கயே சொல்லுங்கன்னுட்டேன். சொல்லிட்டாங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு அப்ப உங்ககிட்டப் பேச்செடுக்கல." "அங்க என்ர பையன் நின்னானா?" "பக்கத்துலதான் நின்னாரு." "அவன் என்னம்மா சொன்னான்?" "எத்தனை மில்லிகிராமுங்கன்னு அந்தம்மாகிட்ட கேட்டாரு. அம்பதுன்னாங்க. அவருதான் அதைத் தாள்ல எழுதிக் குடுத்தாரு."

ஒரு மணி நேரமாகச் சுவரோரம் படுத்துக்கொண்டு இவர் மணி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவள், அந்த வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆளில்லாதவள், போகிறவர் வருகிறவர் நடுவில் நின்று, அவன் முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருக்கிறாள். இவருக்கு நெஞ்சு நிறைந்து போய்விட்டது, வலி இல்லை அது. இத்தனை நாள் அவளை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினோமே என்று வெட்கமாக இருந்தது. கண் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது, துடைக்கக் கை இல்லை. "அழுகாதீங்க, குழாய் சுருங்கிக்கும்" என்றார் டாக்டர், அதட்டுகிற மாதிரி இல்லாமல். "மருந்து போகுது. கை எரியுமுங்க." மணிக்கட்டில் கிளம்பின சூடு முழங்கையைத் தாண்டி ஏறியது. ஜெனிட்டா தலைமாட்டில் வந்து பஞ்சால் அவர் காதைத் துடைத்தாள். "முடிஞ்சதும் ஒருத்தரைத்தான் உள்ள விடுவோம் தாத்தா. பையனைக் கூப்பிடட்டுங்களா?"

"என்ர வீட்டுக்காரியைக் கூப்பிடு" என்றார் நாச்சிமுத்து. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "சுலோச்சனான்னு சத்தம் போட்டுக் கூப்பிடு, வருவா."